ட்ராவல் நர்சிங் போறதுக்கு முன்னாடி அந்த முதல் ரெண்டு வருஷம்

என்கிளெக்ஸ் (அமெரிக்காவுல நர்ஸ் லைசென்ஸுக்கான பரீட்சை) பாஸ் பண்ணின நம்ம ஊர் பொண்ணுங்க என்கிட்ட கேக்கற முதல் கேள்வி பெரும்பாலும் ஒண்ணாதான் இருக்கும், "அக்கா, நேரா ட்ராவல் போயிடலாமா, வாரத்துக்கு அவ்ளோ குடுக்கறாங்களாமே?" ட்ராவல்னா, ஏஜென்சி மூலமா ஆள் பத்தாத ஆஸ்பத்திரிக்கு சில மாச காண்ட்ராக்ட்ல போய் வேலை பாக்கறது. போக முடியாதும்மா, அப்படியே எவனாவது எடுத்துக்கிட்டாலும் போகாத, இதுதான் என் பதில். ஏஜென்சிங்க பொதுவா அமெரிக்க ஆஸ்பத்திரியில குறைஞ்சது ஒரு வருஷம், நிறைய இடத்துல ரெண்டு வருஷம் அனுபவம் கேப்பாங்க, நீங்க ஊர்ல எத்தனை வருஷம் ஐசியூல நின்னிருந்தாலும் அதை பல பேர் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. சரி, அந்த ரூல விடுங்க. ட்ராவல் நர்ஸா போற இடத்துல உங்களுக்கு கிடைக்கிற ஓரியன்டேஷன் ஒரு நாளோ ரெண்டு நாளோதான், அதுக்கப்பறம் முழு பேஷன்ட் லோடும் உங்க தலையில. தெரிஞ்சதை செய்யறதுக்குத்தான் உங்களை கூப்பிடறாங்க, கத்துக்க இல்ல. கத்துக்கறதுக்கும் சேத்து சம்பளம் குடுக்கறது உங்க முதல் வேலையில மட்டும்தான், அதை வேணாம்னு தாண்டி ஓடினா அப்பறம் அது திரும்ப கிடைக்காது.

நான் திருச்சியில பி.எஸ்சி நர்சிங் முடிச்சிட்டு அங்கயே ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரியில இருந்தேன், கல்யாணம் ஆகி எச்4 விசால (எச்1பி வேலை விசாவுல இருக்கறவரோட மனைவிக்கு குடுக்கறது) டாலஸ் பக்கம் வந்தப்ப "இனிமே நீ வீட்லதான், என்ஜாய் பண்ணு"ன்னு கிண்டல் பண்ணாங்க. 2015ல எச்4 ஈஏடி (வேலை பாக்க அனுமதி கார்ட்) ரூல் வந்ததுலதான் என்னை மாதிரி ஆளுங்களுக்கு வழி பொறந்துச்சு, வீட்டுக்காரரோட எச்1பி-ல ஐ-140 (கிரீன் கார்டுக்கு கம்பெனி போடற மனு) அப்ரூவ் ஆயிருந்தா மனைவி அந்த கார்ட வாங்கிட்டு எந்த கம்பெனியிலயும் வேலைக்கு சேரலாம். அது வர்ற வரைக்கும் சும்மா உக்காராம பேப்பர் வேலைய ஆரம்பிச்சேன், உண்மைய சொன்னா பரீட்சைய விட இதுதான் கஷ்டம். நம்ம படிப்பை சரிபாத்து சிஇஎஸ் ரிப்போர்ட்னு ஒண்ணு தருவாங்க, நான் சிஜிஎஃப்என்எஸ்ங்கிற அமைப்பு மூலமா வாங்கினேன் (இப்ப ட்ரூமெரிட்னு பேர மாத்திட்டாங்க). ட்ரான்ஸ்கிரிப்ட் காலேஜ்ல இருந்து நேரா அவங்களுக்கு போகணும், நாம கையில வாங்கி அனுப்பினா செல்லாது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல இருந்து ரிஜிஸ்ட்ரேஷன் வெரிஃபிகேஷனும் அதே மாதிரி தனியா போகணும். எங்கப்பா ரிட்டயர்ட் ஆளு, காலேஜ் ஆபீஸுக்கும் கவுன்சிலுக்கும் நடந்து நடந்து, கடைசியில அந்த ஆபீஸ் கிளார்க் எங்க வீட்டு விசேஷத்துக்கு வர்ற அளவுக்கு பழக்கமாயிட்டார். ஊர்ல இருக்கும்போதே இத படிக்கறவங்க இருந்தா ஒரே ஒரு வேலை பண்ணுங்க, ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி நேரம், கிளினிக்கல் எத்தனை மணி நேரம்னு காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வாங்கி ரெண்டு மூணு காப்பி வெச்சுக்கோங்க. அஃபீஷியலா அனுப்பறது காலேஜ்தான், ஆனா அவங்க என்ன எழுதணும்னு காமிக்க உங்ககிட்ட ஒண்ணு இருந்தா பாதி சண்டை குறையும்.

இன்னொண்ணு, ஈஏடி வந்து சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வந்தாதான் பல மாநிலத்துல செல்லற மல்டிஸ்டேட் லைசென்ஸ் கிடைக்கும், அந்த நம்பர் இல்லாம காம்பேக்ட்டுக்குள்ள போகவே முடியாது. காம்பேக்ட்னா என்னன்னு கீழ சொல்றேன்.

என்கிளெக்ஸ் பத்தி நான் பெருசா பேசப்போறதில்ல, 2023 ஏப்ரல்ல இருந்து புது மாடல், 85 கேள்வியில இருந்து 150 வரைக்கும் போகும், 5 மணி நேரம், கேஸ் ஸ்டடி கேள்விங்க வரும். மனப்பாடம் பண்ணி எழுத முடியாது, "இந்த நாலு பேஷன்ட்ல முதல்ல யார் ரூமுக்கு போவ"ங்கிற மாதிரி கேள்விதான் உயிர்நாடி. அந்த கேள்விக்கு நிஜமான பதில் கம்ப்யூட்டர்ல இல்ல, ஃப்ளோர்லதான் கத்துக்கிட்டேன்.

முதல் வேலை கிடைக்கறது லேசா இல்ல. புது கிராஜுவேட் ரெசிடென்சி (புது நர்ஸுங்களுக்கு ட்ரெய்னிங்கோட வேலை) ப்ரோக்ராம்ல எல்லாம் "சமீபத்துல முடிச்சவங்க"ன்னு கண்டிஷன், நமக்கோ நடுவுல கேப். பெரிய பெரிய ஆஸ்பத்திரி ஆன்லைன் அப்ளிகேஷன்லாம் பதிலே வராது. எனக்கு கடைசியில டெலிமெட்ரி ஃப்ளோர்ல (பேஷன்டோட இதயத் துடிப்ப மானிட்டர்ல தொடர்ந்து பாக்கற வார்டு) நைட் ஷிஃப்ட் கிடைச்சுது, நகரத்த விட்டு தள்ளி ஒரு சின்ன கம்யூனிட்டி ஆஸ்பத்திரி, அங்க மேனேஜரே ஜாப் ஃபேர்ல நேர்ல உக்காந்திருந்தாங்க. நைட்டுக்கும், சிட்டிக்கு வெளிய வர்றதுக்கும் தயார்னு சொன்னா வாய்ப்பு ரொம்பவே கூடுது. டெலிமெட்ரிய நான் விரும்பி எடுக்கல, கிடைச்சுதுன்னு எடுத்தேன், ஆனா ட்ராவலுக்குன்னு பாத்தா மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, ஆபரேஷன் வார்டு), டெலி, ஸ்டெப்டவுன் (ஐசியூக்கு ஒரு படி கீழ), ஐசியூ, எமர்ஜென்சி இதுக்கெல்லாம் எப்பவும் ஆள் தேவை இருந்துட்டே இருக்கு.

அங்க ப்ரிசெப்டர் (புது ஆளுக்கு கூட இருந்து சொல்லித் தர்ற சீனியர் நர்ஸ்) கூட மூணு மாசம் போல ஓரியன்டேஷன். என் ப்ரிசெப்டர் ஒரு ஃபிலிப்பினோ அக்கா, முப்பது வருஷ சர்வீஸ், சிரிக்கவே மாட்டாங்க. முதல் வாரமே சொல்லிட்டாங்க, "உனக்கு கை வேலை தெரியும், இங்க அது பாதிதான்." நம்ம ஊர்ல வென்ஃப்ளான் போடறதுலயோ கதீட்டர் போடறதுலயோ நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, அத்தனை பேஷன்ட பாத்திருக்கோம். ஆனா நம்ம ஊர்ல பேஷன்டுக்கு ஒரு அட்டெண்டர் கூடவே இருப்பார், மருந்து சீட்டு குடுத்தா ஃபார்மசிக்கு ஓடுவார், எழுப்பி உக்கார வெப்பார், பாத்ரூம் கூட்டிட்டு போவார், மீதிய ஆயாம்மா பாத்துக்குவாங்க. இங்க அந்த அட்டெண்டர் இல்ல. துடைக்கறது, பெட்பேன், திருப்பிப் போடறது, நடக்க வெக்கறது எல்லாம் நர்ஸும், சிஎன்ஏங்கிற நர்ஸ் உதவியாளரும்தான், சிஎன்ஏ ஒருத்தர் பத்து பதினஞ்சு பேஷன்டுக்கு ஓடிட்டு இருந்தா மீதி நீங்கதான். "நாலு வருஷம் டிகிரி படிச்சிட்டு ஆயா வேலையா"ன்னு என்னோட சேந்த ஒரு பொண்ணு அழுதா. நான் அப்படி நினைக்கல, சொல்லப்போனா குளிக்க வெக்கும்போதுதான் பின் இடுப்புல ஆரம்பிக்கற புண்ணு கண்ணுல படும், நேத்து பேசின பாட்டி இன்னிக்கு வார்த்தை குழறுறது காதுல விழும். அசஸ்மென்ட்டே அதுலதான் இருக்கு.

எதை கத்துக்கிட்டேன்னு கேட்டா, மூணு விஷயம்தான் இன்னிக்கும் ட்ராவல்ல சோறு போடுது.

ஒண்ணு, டாக்டர நடு ராத்திரி கூப்பிட்டு பேசறது. நம்ம ஊர் ட்ரெய்னிங்ல டாக்டர் வந்தா எழுந்து நிப்போம், எழுதினத செய்வோம். இங்க மெட்டோப்ரோலால் (இதயத் துடிப்பையும் பிபியையும் குறைக்கற மாத்திரை) ஆர்டர்ல இருக்கும், ஆனா ஹார்ட் ரேட் 52, பிபி மேல் அளவு 94, இப்ப மாத்திரைய குடுத்துட்டு "ஆர்டர் இருந்துச்சே"ன்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, நிறுத்தி வெச்சிட்டு கூப்பிட்டு சொல்ல வேண்டியது நர்ஸ். பொட்டாசியம் 2.9ன்னு குறைஞ்சு வந்துச்சுன்னா நீங்க கூப்பிடணும், ஆர்டர் வாங்கணும், அதுவும் சாதாரண கை ஐவில பொதுவா மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல ஓட்டக்கூடாது, அவசரம்னு டாக்டரே சொன்னாலும் "பாலிசி என்ன சொல்லுது டாக்டர்"னு கேக்கணும். அந்த "கேக்கணும்" எனக்கு வாய்ல வர மாசக்கணக்காச்சு. எஸ்பார்ங்கிற முறைய (நிலைமை, பின்னணி, நான் பாத்தது, எனக்கு என்ன வேணும்) ஒரு துண்டு சீட்டுல எழுதி வெச்சிட்டுதான் ஃபோனயே எடுப்பேன். என் உச்சரிப்பு புரியலன்னு ரெண்டு தடவை கேட்டா பரவால்ல, மெதுவா திரும்ப சொல்லிட்டு, வாங்கின ஆர்டர வாசிச்சு காமிச்சுட்டு வைப்பேன்.

ரெண்டாவது, எது இப்பவே பண்ணனும், எது காத்திருக்கும்ங்கிறது. ராத்திரி ஏழு மணிக்கு அஞ்சு பேஷன்ட், ஒருத்தருக்கு வலி மருந்து வேணும், ஒருத்தர் பொண்ணு ஃபோன்ல காத்திருக்கா, ஒருத்தருக்கு சுகர் 58க்கு இறங்கிடுச்சு, ஒருத்தர் எமர்ஜென்சியில இருந்து மேல வர்றார், அஞ்சாவது ஆள் அமைதியா இருக்கார், அந்த அமைதியா இருக்கறவர்தான் சில நாள் ரொம்ப மோசமான ஆள். நான் ஒரு பேப்பர மடிச்சு ஒவ்வொரு பேஷன்டுக்கும் ஒரு கட்டம் போட்டு மணி வாரியா எழுதிப்பேன், இங்க அத பிரெயின் ஷீட்னு சொல்றாங்க, ஆளாளுக்கு ஒரு டிசைன் இருக்கும். உங்களுக்குன்னு ஒண்ணு பழகிக்கோங்க, ஏன்னா ஆஸ்பத்திரி மாறினா கம்ப்யூட்டர் ஸ்கிரீன் மாறும், உங்க பேப்பர் மாறாது.

மூணாவது, உதவி கேக்கறது, அதுவும் சீக்கிரமா கேக்கறது. பேஷன்ட் நிலைமை மோசமானா ஓடி வர்ற ரேப்பிட் ரெஸ்பான்ஸ் டீம கூப்பிட யார்கிட்டயும் பர்மிஷன் வேண்டாம், சந்தேகம்னா கூப்பிடலாம். ஒரு நாள் ராத்திரி என் பேஷன்ட் "ஏதோ சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தார், வைட்டல்ஸ் எல்லாம் ஏறக்குறைய சரி, மூச்சு மட்டும் நிமிஷத்துக்கு 26. கூப்பிட்டேன். லேக்டேட் (கிருமித் தொற்று முத்தினா ரத்தத்துல ஏறலாம்) எடுத்தாங்க, ஏறியிருந்துச்சு, பிளட் கல்ச்சர் எடுத்துட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு, ஃப்ளூயிட் ஓட்டி ஐசியூக்கு மாத்தினாங்க. என் சிரிக்காத ப்ரிசெப்டர் அன்னிக்கு கேன்டீன் காபி வாங்கிக் குடுத்தாங்க, அவ்ளோதான் பாராட்டு.

இதுக்கு நடுவுல கோவிட் வந்துச்சு. 2020, 21ல ட்ராவல் ரேட் வானத்துக்கு போச்சு, வாரத்துக்கு 5000 டாலர்ங்கிறது சாதாரணமா காதுல விழுந்துச்சு, என் பக்கத்துல நின்ன ஆளே ராஜினாமா பண்ணிட்டு வேற ஊர்ல இதே வேலையவே என் சம்பளத்த விட ரெண்டு மடங்குக்கு மேல வாங்கிட்டு செஞ்சாங்க. ஆசை இல்லைன்னு சொன்னா பொய். ஆனா வீட்ல சின்ன குழந்தை, ஃப்ளோர்லயும் புது ஆளுங்கள பாத்துக்க பழைய ஆள் இல்ல, எனக்கே சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிஃப்ட்டுக்கே பொறுப்பு) ட்யூட்டி குடுத்துட்டாங்க. அந்த சார்ஜ் நர்ஸ் அனுபவம்தான், இப்ப யோசிச்சா, பின்னாடி ட்ராவல்ல என்னை தனியா நிக்க வெச்சுது. ரேட் இறங்க ஆரம்பிச்ச 2022 கடைசியிலதான் நான் கிளம்பினேன். "எல்லாம் முடிஞ்சப்பறம் போறியே"ன்னு சிரிச்சாங்க. அந்த பெரிய ரேட் அந்த நேரத்து ரேட், அத நம்பி வீடு வாங்கினவங்க கொஞ்ச பேர் திண்டாடினதையும் பாத்தேன்.

வீட்ல பெரிய பேச்சே நடந்துச்சு. மாமியார் வாட்ஸ்அப் வீடியோல, "மூணு மாசம் புள்ளைய விட்டுட்டு தனியா போறதுக்கு அப்படி என்ன அவசியம்மா?" வீட்டுக்காரர் அப்ப வீட்ல இருந்தே வேலை, அவர்தான் "அத்தனை நாளும் அங்கயே இருக்கப் போறதில்லம்மா"ன்னு விளக்கினார். உண்மைதான், ட்ராவல் காண்ட்ராக்ட் பெரும்பாலும் 13 வாரம், வாரத்துக்கு மூணு 12 மணி நேர ஷிஃப்ட், மொத்தம் 36 மணி. பிளாக் ஷெட்யூல்னு கேட்டு ஷிஃப்ட்ட அடுத்தடுத்து சேத்து வாங்கிட்டா நடுவுல நாலஞ்சு நாள் வீட்டுக்கு பறந்து வந்துடலாம். நான் முதல்ல போனது டெக்சாஸ்குள்ளயே மேற்குப் பக்கம் ஒரு ஊர், அடுத்தது அரிசோனால ஃபீனிக்ஸ் பக்கம், டாலஸ்ல இருந்து நேர் ஃப்ளைட் உண்டு. குளிர் மாகாணத்து பெரியவங்கல்லாம் பனிக்காலம் முழுக்க அரிசோனாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் வந்து தங்கறதால (ஸ்னோபேர்ட்னு சொல்வாங்க) நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அங்க ஆள் எடுப்பாங்க, நம்மளும் அந்த பறவைங்க பின்னாடியே போகலாம்.

ஃபீனிக்ஸுக்கு தனி லைசென்ஸ் தேவைப்படல, ஏன்னா டெக்சாஸும் அரிசோனாவும் நர்ஸ் லைசென்ஸ் காம்பேக்ட்ல இருக்கு. 40க்கு மேல மாநிலம் சேந்திருக்கற ஏற்பாடு அது, நீங்க குடியிருக்கற மாநிலம் குடுத்த மல்டிஸ்டேட் லைசென்ஸ வெச்சு மத்த மாநிலத்துலயும் வேலை பாக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், ஒரேகான் எல்லாம் அதுல கிடையாது. நிரந்தரமா வேற காம்பேக்ட் மாநிலத்துக்கு குடி மாறினா 60 நாளைக்குள்ள அங்க லைசென்ஸுக்கு அப்ளை பண்ணணும், ட்ராவல் அசைன்மென்ட்டுக்கு போய்ட்டு வர்றது குடி மாறினதா ஆகாது.

இப்ப காண்ட்ராக்ட். இத நான் பேஷன்ட் சார்ட் படிக்கற மாதிரிதான் படிக்கறேன், வரிக்கு வரி. ரிக்ரூட்டர் ஃபோன்ல "வாரத்துக்கு 2200"ன்னு சொல்லுவார். அது எப்படி பிரிஞ்சு வருதுன்னு பாருங்க, ஒரு உதாரணத்துக்கு மணிக்கு 25 டாலர் வரி புடிக்கற சம்பளம், 36 மணிக்கு 900, மீதி 1300 தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் வரி இல்லாத அலவன்ஸ். மொத்தத்தை 36ஆல வகுத்தா மணிக்கு 61 வருது, சந்தோஷம். இப்ப மேனேஜர் "இன்னொரு ஷிஃப்ட் வர்றியா"ன்னு கெஞ்சறாங்க, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. எதுக்கு ஒன்றரை? அந்த 25க்கு போட்டாங்கன்னா 37.50தான், அதாவது களைச்சுப் போய் செய்யற கூடுதல் நேரத்துக்கு சாதாரண நேரத்தை விட கம்மி. ஓவர்டைம் ரேட் எவ்ளோன்னு டாலர்ல எழுதி வாங்கிடுங்க, வாய் வார்த்தை வேண்டாம்.

அடுத்தது கேரண்டீட் ஹவர்ஸ். பேஷன்ட் கம்மின்னா ஆஸ்பத்திரி "இன்னிக்கு வராத"ன்னு சொல்லும், அன்னிக்கு காசு உண்டா? எத்தனை ஷிஃப்ட் அப்படி நிறுத்தலாம்? அது காண்ட்ராக்ட்ல இருக்கணும். அதே மாதிரி உங்களுக்கு காய்ச்சல் வந்து ஒரு ஷிஃப்ட் போகலன்னா சம்பளம் மட்டுமில்ல, அலவன்ஸ்லயும் வெட்டுவாங்க, சில ஏஜென்சி அதுக்கு மேலயும் புடிப்பாங்க. 13 வாரம்னு கையெழுத்து போட்டாலும் நடுவுல ஆஸ்பத்திரி ரத்து பண்ணலாம், எனக்கே ஒரு தடவை வாடகை முன்பணம் குடுத்து சாமான் எல்லாம் கார்ல ஏத்தின பிறகு ஃபோன் வந்துச்சு. அதுல இருந்து ரெண்டு மாச வீட்டு செலவு தனியா பேங்க்ல இல்லாம நான் எங்கயும் கிளம்பறதில்ல, முழு 13 வாரத்துக்கும் வாடகைய முன்கூட்டி கட்டறதும் இல்ல, மாசா மாசம்தான். வீடு தேட ஃபர்னிஷ்ட் ஃபைண்டர் சைட்ட நிறைய நர்ஸுங்க பாக்கறாங்க, எதுலயா இருந்தாலும் வீடியோ கால்ல வீட்ட சுத்திக் காமிக்க மாட்டேங்கிற ஓனருக்கு காசு அனுப்பாதீங்க. முதல் வாரம் ஹோட்டல்ல தங்கிட்டு நேர்ல பாத்து முடிவு பண்றது எனக்கு ஒத்து வருது.

லீவு. தீபாவளிக்கு வீட்ல இருக்கணும்னா கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே அந்த தேதிய காண்ட்ராக்ட்ல ஏத்தணும். போய் சேந்தப்பறம் கேட்டா கிடைக்காது. தீபாவளி எந்த தேதின்னு நம்மதான் காலண்டர் பாத்து சொல்லணும், ரிக்ரூட்டருக்கு தாங்க்ஸ்கிவிங்கும் கிறிஸ்துமஸும்தான் தெரியும், அதுக்கு பதிலா கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் வேலை பாக்கறேன்னு சொன்னா பல மேனேஜர் சந்தோஷமா ஒத்துக்கறாங்க.

வரி விஷயம் நிறைய பேர் காத்துல விடறது. அந்த அலவன்ஸுக்கு வரி இல்லங்கிறது உங்களுக்கு டாக்ஸ் ஹோம்னு ஒண்ணு இருந்தாதான், அதாவது ஊர்ல நிஜமா ஒரு வீட்டுக்கு வாடகையோ லோனோ கட்டிட்டு, அதே நேரம் வேலைக்கு போன ஊர்லயும் தங்கற செலவு பண்றீங்க, ரெண்டு பக்கமும் செலவு. ஃப்ரெண்டு வீட்டு அட்ரஸ மட்டும் குடுத்துட்டு பெட்டியோட ஊர் ஊரா சுத்தினா ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கண்ணுல உங்களுக்கு டாக்ஸ் ஹோமே கிடையாது, மொத்த பணத்துக்கும் வரி. "50 மைல் தாண்டினா போதும்"னு ஒரு ரூல் ஊரெல்லாம் சுத்துது, ஐஆர்எஸ்ல அப்படி ஒண்ணு இல்ல, ஆஸ்பத்திரிங்களும் ஏஜென்சிங்களும் அவங்கவங்க வசதிக்கு வெச்சிருக்கற தூரம் அது. ஒரே இடத்துல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கப் போறீங்கன்னா அது தற்காலிக வேலையே இல்லன்னு எடுத்துக்குவாங்க, அதனால எக்ஸ்டென்ஷன் மேல எக்ஸ்டென்ஷன் போடறவங்க அத கவனிக்கணும். ட்ராவல் நர்ஸுங்க கணக்கு பாக்கற ஆடிட்டர் யாரையாவது புடிங்க, நம்ம ஐடி நண்பர்களுக்கு ரிட்டர்ன் போடற ஆளுக்கு இது பழக்கம் இருக்கணும்னு அவசியமில்ல. அப்பறம் வரி புடிக்கற சம்பளம் கம்மியா காமிக்கறதால வீட்டு லோன் கேக்கும்போது பேங்க் முகத்த சுளிக்கும், சோஷியல் செக்யூரிட்டியிலயும் (பிற்கால பென்ஷன்) கம்மியாத்தான் சேரும், இதை எந்த ரிக்ரூட்டரும் சொல்ல மாட்டார்.

ஈஏடி வெச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு வார்த்தை. கார்ட் முடியற தேதி அசைன்மென்ட் முடியற தேதிக்கு அப்பறம் இருக்கணும். நடுவுல முடியுதுன்னா ஏஜென்சி காண்ட்ராக்டே குடுக்க யோசிக்கும், இல்லன்னா கார்ட் முடிஞ்ச அன்னிக்கு ஷிஃப்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. நான் ரின்யூவல் வருஷத்துல ட்ராவல நிறுத்திட்டு டாலஸ்லயே பெர் டயம் (தேவைப்படற நாளைக்கு மட்டும்) ஷிஃப்ட் பாத்துட்டு இருந்தேன்.

இன்டர்வியூ பெரும்பாலும் ஃபோன்லதான், கால் மணி நேரம் கூட இருக்காது, சில இடத்துல இன்டர்வியூவே இல்லாம ஆஃபர் வரும், அதுக்கு நான் போனதே இல்ல, பேசவே நேரமில்லாத மேனேஜர் கிட்ட மூணு மாசம் மாட்டிக்க எனக்கு இஷ்டமில்ல. அவங்க கேக்கறத விட நீங்க கேக்கறது முக்கியம். ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட், சிஎன்ஏ எத்தனை பேர், கம்ப்யூட்டர் சார்ட்டிங் எபிக்கா செர்னரா மெடிடெக்கா, ரத்தம் எடுக்க தனி ஆள் இருக்காங்களா நர்ஸேவா, ராத்திரி ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் ஆஸ்பத்திரியிலயே இருப்பாங்களா, ட்ராவலர்ஸ எந்தெந்த யூனிட்டுக்கு ஃப்ளோட் பண்ணுவீங்க (ஆள் பத்தாத வேற வார்டுக்கு அனுப்பறது). இந்த கடைசி கேள்விக்கு வர்ற பதில்ல நிறைய புரியும். ஃப்ளோட் பண்ண வேண்டி வந்தா முதல் ஆள் ட்ராவலர்தான், பல இடத்துல அதான் வழக்கம், அதுக்கு கோவப்பட்டு பிரயோஜனமில்ல. ஆனா டெலி நர்ஸ ஐசியூக்கு அனுப்புவோம்னா வேண்டாம்னு அப்பவே சொல்லிடுங்க. "ஏன் இந்த போஸ்ட் காலியா இருக்கு"ன்னும் கேப்பேன். பிரசவ லீவு, புது விங் திறக்கறோம்னா சரி. ஒரு மேனேஜர் சிரிச்சுட்டே பேச்ச மாத்தினாங்க, அங்க நான் போகல.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஃபோல்டர் ரெடி பண்ணி கிளவுட்ல வெச்சுக்கோங்க. பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (உயிர் காக்கற அவசர சிகிச்சை ட்ரெய்னிங்), ஸ்ட்ரோக் ஸ்கேல் சர்ட்டிஃபிகேட், எம்எம்ஆர், சின்னம்மை, ஹெப்படைட்டிஸ் பி டைட்டர் (எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்), டிபிக்கு ரத்தப் பரிசோதனை, என்95 ஃபிட் டெஸ்ட், பழைய சார்ஜ் நர்ஸ் ரெஃபரன்ஸ். ஊர்ல சின்ன வயசுல போட்ட தடுப்பூசி கார்ட் காணாம போயிருக்கும், டைட்டர் எடுத்து காமிச்சா போதும். நமக்கெல்லாம் பிசிஜி போட்டிருக்கறதால தோல்ல போடற டிபி டெஸ்ட் பாசிட்டிவ்னு காமிச்சு தேவையில்லாம எக்ஸ்ரே வரைக்கும் இழுக்கலாம், அதனால ரத்த டெஸ்ட்டே கேட்டு வாங்குங்க.

முதல் ஷிஃப்ட்ல நான் பேஷன்ட் ரூமுக்கு போறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கறது, க்ராஷ் கார்ட் (அவசர மருந்து, கருவி வெச்ச வண்டி) எங்க, ரேப்பிட் ரெஸ்பான்ஸ்க்கு எந்த நம்பர், ராத்திரி எந்த டாக்டர எப்படி கூப்பிடணும், மருந்து மெஷின்ல என் கைரேகை வேலை செய்யுதா, அப்பறம் குளுக்கோமீட்டர்ல என் ஐடி ஏறியிருக்கா. கடைசி ரெண்டும் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, இன்சுலின் பேஷன்ட் மூணு பேர் இருக்கற ராத்திரியில அது ஏறலன்னா ஒவ்வொரு சுகருக்கும் இன்னொரு நர்ஸ தேடி ஓடணும். ரத்தம் ஏத்தற பாலிசியும், ஹெப்பரின் பாலிசியும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், அத மட்டும் உக்காந்து படிச்சிடுவேன். "எங்க பழைய ஆஸ்பத்திரியில இப்படி பண்ணுவோம்"ங்கிற வார்த்தைய மூணு மாசமும் வாய்லயே வெச்சுக்கிட்டு வெளிய விட்டதில்ல, நிரந்தர ஸ்டாஃப்புக்கு அத கேட்டாலே பத்திக்கும், ஏற்கனவே நம்ம சம்பளம் அவங்களுக்கு உறுத்திட்டு இருக்கும். சில இடத்துல கஷ்டமான பேஷன்டெல்லாம் ட்ராவலருக்கே தள்ளுவாங்க. நான் வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் நர்ஸ் கிட்ட நிதானமா பேசுவேன், சண்டை போட மாட்டேன்.

ஆனா கஷ்டம் வேற, ஆபத்து வேற. ஒரு ராத்திரி டெக்சாஸ்ல, ஏற்கனவே ஆறு பேஷன்ட், அதுல ஒருத்தர் விடாம கவனிக்க வேண்டிய மருந்து டிரிப்ல இருக்கார், ஏழாவது ஆள வாங்கிக்கோன்னாங்க. டெக்சாஸ்ல சேஃப் ஹார்பர்னு ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கு, இந்த அசைன்மென்ட் பேஷன்டுக்கு ஆபத்துன்னு நர்ஸ் நம்பினா, வேலைய ஏத்துக்கறதுக்கு முன்னாடியோ அந்த ஷிஃப்ட்லயே நிலைமை மாறும்போதோ எழுத்துல சூப்பர்வைசர் கிட்ட குடுக்கலாம், அதுக்காக லைசென்ஸ் மேலயோ வேலை மேலயோ கை வைக்கக் கூடாது. நான் அந்த ஃபார்ம கேட்டேன், அவ்ளோதான். பத்து நிமிஷத்துல ஹவுஸ் சூப்பர்வைசர் வந்து அந்த பேஷன்ட வேற ஃப்ளோருக்கு மாத்தினாங்க. புதுசா இருந்த காலத்துல அந்த ஃபார்ம் பேரே எனக்கு தெரியாது, ஒரு பழைய நர்ஸ் டீ குடிக்கும்போது சொல்லித்தான் தெரியும். இந்த மாதிரி விஷயம் எல்லாம் எந்த ஓரியன்டேஷன் ஸ்லைட்லயும் பெருசா வராது, ஒரே ஃப்ளோர்ல ரெண்டு வருஷம் கிடந்தாதான் காதுல விழும்.

கலிஃபோர்னியா பத்தி கேக்கறவங்களுக்கு, ஆமா, வித்தியாசம் இருக்கு. ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் எத்தனை பேஷன்ட்னு 1999ல போட்ட சட்டம் 2004ல நடைமுறைக்கு வந்துச்சு, இப்ப மெட்-சர்ஜ்ல ஒரு நர்ஸுக்கு அஞ்சு பேஷன்ட், டெலிமெட்ரியில நாலு, ஐசியூல ரெண்டு, அதுக்கு மேல கிடையாது, ராத்திரியானாலும், நீங்க சாப்பிட போன நேரமானாலும். ஃப்ரெஸ்னோ பக்கம் போனப்ப என்னை சாப்பிட அனுப்பறதுக்குன்னே ஒரு பிரேக் நர்ஸ் வந்து நின்னாங்க, தயிர் சாதத்த உக்காந்து முப்பது நிமிஷம் சாப்பிட்டது அமெரிக்காவுல அதான் முதல் தடவை. ஆனா அங்க வாடகையும் அப்படித்தான், வாரக் கணக்கப் பாத்து மயங்காம மாச செலவப் போட்டுப் பாருங்க. லைசென்ஸும் தனி. வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு காலேஜ்ல இருந்து பாட விவரம் எல்லாம் திரும்ப ஒரு தடவை அவங்க ஃபார்ம்ல போகணும், ஊர்ல தியரியும் கிளினிக்கலும் ஒண்ணா நடந்துச்சான்னு நோண்டி நோண்டி பாப்பாங்க, கைரேகை கார்டுல குடுத்தா அதுக்கு ஒரு காத்திருப்பு, கலிஃபோர்னியாவுக்கு ஒரு நடை போய் லைவ் ஸ்கேன் (மெஷின்ல கைரேகை) குடுத்தா கொஞ்சம் சீக்கிரம். எங்கப்பா மறுபடியும் அந்த கிளார்க்க பாக்க போனார். அதனால அங்க போற எண்ணம் இருந்தா, முதல் வேலையில சேந்து கொஞ்சம் கால் ஊணின உடனேயே அப்ளை பண்ணிடுங்க, ரிக்ரூட்டர் கூட பேசறதெல்லாம் லைசென்ஸ் நம்பர் கைக்கு வந்தப்பறம் வெச்சுக்கலாம்.